பித்தளைத் தூள்

துப்பாக்கியில் துளையே இல்லை.

பூட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழலின் அடிப்பக்கத்தை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"வாய் வழியா மருந்தையும் குண்டையும் போட்டு இடிக்கிற துப்பாக்கி தம்பி இது. பின்னால சின்னதா ஒரு ஓட்டை இருக்கணும். அது வழியாத்தான் நெருப்பு உள்ள போகும். அது இல்லைன்னா இது வெறும் குழாய். என்னைக்குமே வெடிச்சிருக்காது."



இந்த மனிதரைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெல்டிங் பட்டறையில் இதை வெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்து தருவதாகச் சொன்னார்கள். பழம்பொருள் வியாபாரி கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு தையல் மெஷின் மெக்கானிக்தான் இரக்கப்பட்டு இந்தப் பூட்டுக் கடைக்கு வழி சொன்னார். ஊரில் இந்த வேலைக்கு இருப்பதே இவர் ஒருவர்தானாம்.

எல்லாம் அவளுக்காக.

பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. சுவரிலிருந்து இந்தத் துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். தன் தாத்தா இதை வைத்து ஒரே குண்டில் மூன்று காட்டுப்பன்றிகளைச் சாய்த்த கதையைச் சொன்னார். அவள் சின்ன வயதில் கேட்டபோது பன்றி ஒன்றுதானாம். வெடிக்கிற மாதிரி சரிசெய்து கொண்டு வா, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

இப்போது மூன்று பன்றிகளும் எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டன.

கடைத் தராசுகளைச் சோதிப்பது அவன் உத்தியோகம். ஐந்து கிராம் குறைந்தாலும் முகதாட்சண்யம் பார்க்கமாட்டான். சொந்தச் சித்தப்பாவின் தராசுக்கே சீல் வைத்தவன். சித்தி இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

உண்மையைப் போய்ச் சொன்னால் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது. மறைத்தால், நாளைக்கு எந்த முகத்தோடு ஒரு கடைக்காரரிடம் தராசை எடு என்று கேட்பது?

பூட்டுக்காரர் அவசரப்படுத்தவில்லை. கைத்துளைக் கருவிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

"ஓட்டை போடவா, வேண்டாமா?"

கதை சொல்லும்போது அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தது அவன் நினைவுக்கு வந்தது. நூறு முறை கேட்ட கதைக்கு, முதல் முறை கேட்பதுபோல் அவள் கண்ணை விரித்ததும் நினைவுக்கு வந்தது.

"போடுங்கண்ணே."

குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கருவி சுழன்றது. இரும்பாயிற்றே, நேரமாகும் என்று நினைத்தான். அதுவோ சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் இறங்கியது. மேஜைமேல் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது.

அவன் தூளை விரலில் தொட்டுப் பார்த்தான். பித்தளை. இரும்புக் குழலில் பித்தளைக்கு என்ன வேலை?

பூட்டுக்காரர் துளையை ஊதிச் சுத்தம் செய்தார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டு அடைச்ச இடம் தம்பி. அந்த வீட்டுப் பெரிய மாப்பிள்ளை வந்து போட்டார். ரெண்டாவது மாப்பிள்ளை வந்து போட்டார். கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே உங்க மாமனார் கொண்டு வந்து அடைச்சுட்டுப் போயிடுவார்."

அவர் 'மாமனார்' என்று சொன்னதை அவன் கவனித்தான். இருந்தாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஓட்டை வேண்டாம், உள்ளதைச் சொல்லிடறேன்னு போனவங்களும் உண்டு. அவங்க கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரலை."

துப்பாக்கியைத் துடைத்து, பழைய துணியில் சுற்றி, ஒரு குழந்தையைத் தருவதுபோல் அவன் கையில் கொடுத்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறி, சின்னதாக ஒரு பித்தளைத் துண்டைத் தேடி எடுத்துத் தனியே வைத்தார்.

அது எதற்கு என்று அவன் கேட்டான்.

"அந்த வீட்ல இன்னும் ஒரு பொண்ணு படிச்சிட்டிருக்கில்ல."