கடைசி வரிசை வீடு

"கமலா, வீடு மாத்திக்கிறதுக்கு ஒருத்தர் பார்க்க வந்திருக்கார். பஜார் பக்கத்துலயே குவார்ட்டர்ஸாம். இன்னொரு காபி போடு."

கணவன் மருதாசலத்தின் குரல் கேட்டதும் கமலாவுக்குக் காபி போடவே கை வரவில்லை.

மார்கழிக் காலை. சமையலறையில் லெக்கோ கரி அடுப்பு கணகணவென்று இருந்தது. அவருடைய மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, ஜன்னலோரம் முக்காலி போட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். முருங்கை மரத்தில் செம்போத்து ஒன்று பனியில் நனைந்த இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. கீழே ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் ரேஷன் கடை வரிசை மாதிரி சண்டை போட்டன.

தப்பு அவளுடையதுதான். நெய்வேலிக்கு வந்த நாள் முதலாக, "முந்திரிக்காட்டு ஓரத்துல, கடைசி வரிசையில கொண்டாந்து வச்சிட்டீங்களே, பஜார் பக்கமா மாத்துங்க" என்று ஐந்து வருஷம் அந்த மனுஷனைப் பிய்த்துப் பிடுங்கியவள் அவள். இந்த வீடு எப்போது பிடித்துப்போனது என்று அவளுக்கே தெரியாது. இப்போது போய் வேண்டாமென்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு பேரும் சம்மதித்து ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பொங்கலுக்குள் சாமான் ஏற்ற வேண்டியதுதான்.

வந்தவர் தெய்வசிகாமணி. குறிஞ்சிப்பாடிக்காரர், மைன்ஸில் மருதாசலத்தோடு வேலை பார்ப்பவர். கைகளைக் கட்டிக்கொண்டு கொல்லை வாசலில் நின்றிருந்தார்.

காபியை நீட்டியபடியே கமலா தன்னால் ஆனதைச் செய்ய ஆரம்பித்தாள்.

"இங்க பனி ஜாஸ்திங்க. எட்டு மணி ஆனாலும் வெயில் வராது."

"நல்லாத்தாங்க இருக்குது. சூடா காப்பி குடிச்சிக்கினு உக்காந்துடலாம்."

"கீரி வேற குடும்பத்தோட வந்து போவுது. பாம்பு இல்லாமலா கீரி வரும்?"

அந்த நேரம் பார்த்து, செங்கல் குவியலுக்குள்ளிருந்து தாய்க்கீரி தலையை நீட்டியது. பின்னாலேயே மூன்று குட்டிகள். தெய்வசிகாமணி குந்தி உட்கார்ந்தே விட்டார்.

"அட, குட்டிங்க எப்டி வரிசையா போவுது பாருங்க. நாள் பூரா பாத்துக்கினே இருக்கலாம் போல."

மருதாசலம் தொண்டையைச் செருமினார். கமலாவுக்கு அழுகை முட்டியது. கண் திறந்த நாளிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த குட்டிகள் அவை.

மருதாசலம் இன்னும் பலமாகச் செருமினார். பாவம், பனி ஒத்துக்கொள்ளவில்லை.

தெய்வசிகாமணி சட்டென்று எழுந்தார். "வேணாங்க சார். வூடு நல்ல வூடுதான். ஆனா பஜாருக்கும் தூரம், பஸ்சுக்கும் தூரம். இத யாரும் மாத்திக்க மாட்டாங்க. இனிமே ஆள் தேடிக்கினு அலையாதீங்க."

கமலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தை மட்டும் கஷ்டப்பட்டு வாட்டமாக வைத்துக்கொண்டாள்.

"நானும் ஆன மட்டும் பார்த்துட்டேன் கமலா" என்றார் மருதாசலம், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"விடுங்க. நமக்குக் குடுத்து வச்சது இதுதான். உங்களுக்காக நான் பொறுத்துக்கறேன்" என்றாள் பெருந்தன்மையாக.

வந்தவரை வழியனுப்ப மருதாசலம் வாசலுக்குப் போனார். கமலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புண்ணியவானுக்கு நாலு முருங்கைக்காயாவது கொடுத்தனுப்பலாமென்று பறித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். கேட்டருகே பேச்சுக் குரல் கேட்டுச் சுவரோரம் நின்றாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லிட்டனா சார்? நானே கான்ட்ராக்ட் ஆளு, எனக்கு ஏது குவார்ட்டர்ஸ்? அம்மா எதுனா கேட்டுடுவாங்களோன்னு பயந்துக்கினே இருந்தேன்."

"மெதுவா பேசுய்யா. இந்த வீட்டை விட்டுப் போகணும்னு நினைச்சாலே எனக்குச் சோறு இறங்கலை. அவகிட்ட எப்படிச் சொல்றது? அவளுக்குத்தான் இந்தத் தோட்டத்தைக் கண்டாலே ஆகாதே."