கடை வாசலில் ஒரு டமார்

"சத்தியமாச் சொல்றேன் தம்பி, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இந்த வண்டி உங்க கடை வாசல்ல மட்டும்தான் வெடிக்குது. வேற எங்கயும் வாயே திறக்காது" என்றார் நூலகர்.

மெக்கானிக்கின் காதில் புகை வந்தது. தினமும் சாயங்காலம் நூலகரின் பழைய மோட்டார் சைக்கிள் அவர் வீட்டுத் தெருமுனையில், சரியாக மெக்கானிக்கின் கடை வாசலில், 'டமார்' என்று வெடிக்கும். எதிர் மரத்துக் காக்கைகள் அடுத்த மரத்துக்குக் குடிபோகும். துருப்பிடித்து அசைய மறுத்த ஒரு போல்ட், அந்தச் சத்தத்தில் தானே கழன்று விழுந்ததும் உண்டு. சாட்சி மெக்கானிக் ஒருவர்தான்.

ஆனால் மானம் போகிறதே! பக்கத்துக் கடையில் டிவி ரிப்பேர் செய்யும் மைத்துனன் ஒவ்வொரு வெடிக்கும் தலையை நீட்டுவான்.

"என்ன மாமா, உங்க கை பட்ட வண்டியா? சத்தத்துலயே தெரியுது!"

இதைக் கேட்டே வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அடுத்த தெருக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வண்டியை விட்டுட்டுப் போங்க சார். இதுக்கப்புறமும் வெடிச்சா மீசையை எடுத்துடறேன்."

நூலகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெக்கானிக் கேட்கிற நிலையில் இல்லை. பிளக்கைக் கழற்றினார். அது டீ நிறத்தில், பழுதே இல்லாமல் பல்லைக் காட்டியது. இருந்தாலும் புதிது போட்டார். பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்தார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரை முகம் பார்த்து மீசை சீவுகிற அளவுக்குத் துலக்கினார். சைலன்சரில் காற்றுக் கசிகிறதா என்று குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தார். ஓட்டியபோது வண்டி பூனைக்குட்டியாகப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம், டமார்!

"மாமா, சலூன் இந்நேரம் திறந்துதான் இருக்கும்" என்று தலை நீண்டது.

அதற்கடுத்த நாள் மெக்கானிக் நூலக வாசலிலேயே காத்திருந்து, நூலகருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். தெருமுனை வந்தது. நூலகரின் கை நைசாகச் சாவியிடம் போயிற்று. ஓடுகிற வண்டியை அணைத்தார். மறுபடி போட்டார். எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய்ச் சேர்ந்து, டமார்!

"நிறுத்துங்க சார்! உங்க கை வேலையா இது? எனக்குத் தூக்கமே போச்சே!"

"அதைத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க விட்டீங்க?" நூலகர் அசடு வழிந்தார். "வீட்டுல நான் ரொம்பக் கண்டிப்பு தம்பி. டிவி போடக் கூடாது, சர்க்கரை வியாதிக்காரி அம்மா இனிப்புத் தொடக் கூடாது, பொண்ணு படிக்கணும். எல்லாம் என் உத்தரவு. நானே டிவி பார்த்து வருஷக்கணக்காச்சு. ஆனா கையும் களவுமாப் பிடிச்சுட்டா திட்டணுமே! எனக்குத் திட்டவே வராது. அதான் முனையிலேயே ஒரு சத்தம். பாவம், ஒளிச்சு வைக்க நேரம் வேண்டாமா? அவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் மரியாதை. நம்பலைன்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். நூலகரின் அம்மா உதட்டோரம் சர்க்கரை மினுங்கியது. மகள் தலைகீழாகப் பிடித்த புத்தகத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தாள். எட்டிப் பார்த்தால் வெந்நீர்ப் பை.

"அத்தைக்கு முழங்கால் வலி" என்றாள்.

அத்தை துள்ளி எழுந்து, விருந்தாளிக்கு நாற்காலி தூக்கிவந்து போட்டார்.

நூலகர் மெக்கானிக்கின் கையைப் பிடித்து டிவியின் முதுகில் வைத்தார். சுடச்சுட இருந்தது.

"இப்பத்தான் அணைச்சிருக்காங்க" என்று காதோடு சொன்னார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

மெக்கானிக் மனசு குளிர்ந்து கடைக்குத் திரும்பி, மைத்துனனைக் கூப்பிட்டார்.

"இனிமே அந்த வெடிக்கு யாராவது சிரிச்சா, அது நான் வச்சுக் கொடுத்த காலிங் பெல்லுன்னு சொல்லு."

"அப்ப மீசை?"

"கோளாறுக்குத்தான்டா மீசையை எடுக்கணும். வண்டியில கோளாறே இல்லையே! அந்தச் சத்தம் கேட்டதும் நூலகர் வீட்டுல அவசர அவசரமா டிவியை அணைக்கிறாங்க. நானே தொட்டுப் பார்த்தேன், அடுப்பு மாதிரி சுடுது."

"நூலகர் வீட்டு டிவியா?" மைத்துனன் ஸ்க்ரூடிரைவரால் தன் கடையின் மேல் தட்டைக் காட்டினான். "ரிப்பேருக்குக் கொண்டுவந்த அவர் வீட்டு அக்கா, வெறும் கூடு போதும்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க மாமா. உள்ளே இருந்ததெல்லாம் மூணு வருஷமா இங்கதான் தூங்குது."