கடைசிப் பதினான்கு பக்கங்கள்

"பிளேடால வெட்டியிருக்காங்க சார்."

நூலகர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகம். பின்னால் இருந்த அருஞ்சொற்பொருள், பதினான்கு பக்கம், மொத்தமாகக் காணோம்.

ஆங்கிலத் துறைத் தலைவர் வெட்டுத் தடத்தை விரலால் தடவினார். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அகராதி. எந்தப் பழைய சொல்லுக்கும் புத்தகம் புரட்டாமல் பொருள் சொல்வார் என்பதால் அந்தப் பெயர். அதனால் மட்டுமில்லை என்று கடைசி பெஞ்சில் ஒரு கட்சியும் உண்டு.

"கடைசியா எடுத்தது யாரு?"

"இரண்டாம் வருஷம், முன் பெஞ்சுப் பொண்ணு. நேத்து எடுத்து இன்னிக்குக் காலையில கொடுத்துட்டா."

"அந்த முந்திரிக்கொட்டையா?"

அவர்தான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தவர். வகுப்பில் ஒரு சொல்லுக்கு முன்னால் அவர் சற்று நிறுத்தினால் போதும், இவள் பொருளை முணுமுணுத்துவிடுவாள். "நான் நிறுத்தறது நீங்க யோசிக்கிறதுக்கு. ஒப்பிக்கிறதுக்கு இல்லை" என்று போன வாரம்கூட நிற்க வைத்துத் திட்டியிருந்தார்.

வரச் சொன்னார். வந்தாள்.

"நீயா வெட்டினே?"

புத்தகத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஆமா சார்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது.

"அருஞ்சொற்பொருள் நடைவண்டி மாதிரின்னு முப்பது வருஷமா கத்திட்டிருக்கேன். கழுதை வயசாகுது, இன்னும் நடைவண்டி கேக்குதா உனக்கு? பக்கமெல்லாம் எங்கே?"

"தொலைஞ்சு போச்சு சார்."

"நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

"அவரால வர முடியாது சார்."

"ஏன், துரைக்கு அவ்வளவு வேலையா?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

நூலகர் மெல்லச் சொன்னார். "ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிட்டு விட்டுடலாம் சார். புகாராப் போனா ஹால் டிக்கெட்டை நிறுத்திடுவாங்க. அடுத்த வாரம் பரீட்சை. பாவம், ஒரு வருஷம் போயிடும்."

"பாவம் பார்த்தா இன்னிக்குப் பக்கம் போகும், நாளைக்குப் புத்தகமே போகும். நீ வெளியில நில்லும்மா. கடிதத்தை நீயே ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடு."

நூலகர் பெருமூச்சோடு எழுந்து போனார்.

அகராதி மளமளவென்று புகாரை எழுதினார். பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டார். எண்ணைப் பார்க்க, பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே ஏழு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

முதலில் தோன்றியது: திருடி, மாட்டிக்கொண்டதும் என் பையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

தாளைப் பிரித்தார். சொற்களின் கீழே சிவப்புப் பென்சில் கோடுகள். ஓரத்தில் பொடிப்பொடியாக ஒரு குறிப்பு: 'வியாழன் இரண்டாம் பீரியட். வகுப்புக்கு முன் பார்க்கவும். யாரிடமும் கேட்காதே.'

அவருடைய கையெழுத்து.

பேனாப் பையைக் கவிழ்த்தார். காகிதம் சுற்றிய பாதி பிளேடு விழுந்தது.

போன வியாழக்கிழமையை நினைவில் தேடினார். காலையில் சட்டை மாட்டியது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம்தான். நடுவில் துடைத்துவிட்ட கரும்பலகை.

பட்டியலின் முதல் சொல்லை எடுத்தார். பொருளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். முப்பது வருஷமாக நடத்திய சொல். வரவில்லை. இரண்டாவது சொல். வரவில்லை. மூன்றாவது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

தாள்களை மடித்துப் பதிவேட்டிலேயே வைத்தார். பிறகு புகாரில் விட்டிருந்த இடத்தில் ஒரு பெயரை எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். வெட்டியவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

"இது வேண்டாம் சார்."

"நீ பார்த்தியா?"

"நூலகத்துல, ஜன்னலோர மேசையில. கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெட்டினீங்க."

"வெட்டின புத்தகம்னு தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போனியா?"

"வேற யாராவது எடுத்தா அவங்க மாட்டிக்குவாங்க. நான் இல்லைன்னு சொன்னா யாருன்னு தேடுவாங்க. அதான்."

"வகுப்புல நான் நிறுத்தும்போதெல்லாம் நீ முணுமுணுத்தது..."

அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"அத்தனை திட்டு வாங்கினியே. ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"எங்கப்பா பஸ் கண்டக்டர் சார். முதல்ல ஸ்டாப் பேரெல்லாம் மறந்து போச்சு. நாங்கதான் உட்கார வச்சு, உங்களுக்கு எல்லாம் மறந்து போகுதுப்பான்னு சொன்னோம்."

கடிதத்தை நான்காக மடித்து அவர் கையில் திரும்ப வைத்தாள்.

"அன்னிக்குத்தான் சார் அவர் கடைசியாப் பேசினது."