மாப்பிள்ளைக்கு அறுபது எழுத்து

மேடை ஓரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த முகுந்தனை மாப்பிள்ளையின் அப்பா விடுவதாக இல்லை. மண்டப வாசலில் பெயர்கள் ஒளிரும் பலகைக்கு மென்பொருள் எழுதியவன் அவன்தான்.

"எம்.டெக். பக்கத்துல தங்கப் பதக்கம்னு சேர்த்துக்க தம்பி. கம்பெனி பேரும் வரட்டும்."

மாப்பிள்ளை பெயருக்கு நினைவகத்தில் அறுபது எழுத்துக்குத்தான் இடம். மீறினால் நிறுத்தும்படி முகுந்தன் எழுதியிருக்கவில்லை. யார் அவ்வளவு படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான். அடுத்த இடத்தில் இருந்ததோ, கெட்டிமேளப் பதிவை ஒலிக்கவிடும் கட்டளை. பதக்கம் வழிந்து அதன்மேல் விழுந்ததும் மண்டபமே அதிர்ந்தது. மேளம் கேட்டால் கை சும்மா இருக்குமா? கூட்டம் மொத்தமும் எழுந்து அட்சதையை வீசியது. மாப்பிள்ளையோ வேட்டி மாற்றப் போயிருந்தார். மணப்பெண்ணின் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த போட்டோகிராபர் தலையில்தான் பாதி விழுந்தது.

முகுந்தன் வியர்க்க வியர்க்க, மிஞ்சுவதை வெட்டிவிடும்படி ஒரு வரி எழுதிச் சேர்த்தான். மேளம் நின்றது. பலகையில் பதக்கமும் கம்பெனியும் காணாமல் போயின.

"எம் புள்ள படிப்பையா வெட்டுற? அப்ப பேரே வேணாம், எடுத்துடு!" என்று கத்தினார் அப்பா.

எடுத்துவிட்டான். பலகையில் மணப்பெண் பெயர் மட்டும் தனியாக மின்னியது.

மேடையிலிருந்து அவள் மெல்லக் குனிந்தாள். "அண்ணா, கபில்னு போட்டுப் பாருங்களேன். சின்னப் பேருதான், எதுமேலயும் வழியாது."

போட்டோகிராபர் கபிலின் கை மாலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை.