இறால் சாற்றில் சிவப்பு

சாமுத் சாகோன் நகர உணவு ஆய்வுக்கூடத்தில், ராட்ரீயின் கண்ணாடிக் குழாயில் இறால் சாறு சிவப்பாக மின்னியது. இறாலில் தடைசெய்த மருந்து கலந்திருந்தால்தான், சோதனைக்காகச் சாற்றில் விட்ட பச்சைச் சாயம் தன் ஒளியைப் பக்கத்துச் சிவப்புச் சாயத்துக்குக் கைமாற்றிவிடும்.

"மருந்து இல்லேன்னு எழுதிடும்மா. கம்போனுக்கு அந்த இறால் குளம்தான் எல்லாம். நடுத்தெருவுக்கு வந்துடுவான்" என்றார் புதிதாக வந்த மேலாளர்.

"வரட்டும் சார்."

"நெஞ்சுல ஈரமே இல்லையா? அவன் பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாரு!"

"நெனச்சுட்டேன். எழுத மாட்டேன்."

"உன் வேலை போயிடும்!"

"போகட்டும்."

உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென வெளியே வந்தாள்.

வாசலில் கம்போன் பைக்கோடு நின்றிருந்தான். "என்னடி ஆச்சு?"

"குளத்துல அந்த மருந்த ஊத்தாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? வண்டிய எடு. நம்ம புள்ளைங்களுக்குப் பசிக்கும்."