குடைக் காட்சி

மூன்றாவது குண்டு அண்ணனின் வயிற்றில் பாய்ந்ததும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

பிரிவியூ தியேட்டரின் பின்வரிசையில் இருந்த இயக்குநருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சுட்டுக் கொல்லப்பட்ட தலைவரை வைத்துக் காமெடிப் படம் எடுத்திருந்தான். படமே அவர் சாவில்தான் தொடங்கிப் பின்னோக்கிப் போனது. அண்ணன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி தலையாட்டாமல் ஒரு தியேட்டரும் கதவைத் திறக்காது. இந்தப் படமும் பெட்டிக்குள் போனால் இனி எவனும் அவனை நம்பிப் படம் தரமாட்டான்.

"மேடையில அண்ணன் போட்டோவைப் பாத்தாலே ஓன்னு அழுவாரு. இங்க இந்தச் சிரிப்பு சிரிக்கிறாரே?" என்று கிசுகிசுத்தார் தயாரிப்பாளர்.

"அங்க மைக் இருக்கு சார்," என்றான் இயக்குநர். இந்த ஜென்மங்களை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

திரையில் அண்ணன் கூட்டத்துக்கு நடுவே குறட்டை விட்டார். தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தார். அண்ணன் பேச வந்ததை மறந்து பேந்தப் பேந்த விழித்தார். தம்பிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கடைசியில் தலைவரின் வண்டியிலிருந்து ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். யாரைச் சுடுவது என்று தெரியாமல் கொலைகாரன் திருதிருவென்று முழித்தான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஒரு ஜால்ரா ஓடிவந்து தலைவருக்குக் குடை பிடித்தான். கொலைகாரன் முகம் மலர்ந்தது.

தயாரிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

விளக்கு எரிந்ததும் மெய்க்காவலர்களை வெளியே போகச் சொன்னார், தயாரிப்பாளரையும்தான். கதவு மூடியதும், "அந்தக் குடையைத் தூக்கிடு," என்றார்.

இயக்குநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனைக் கோமாளியாக்கியபோது வராத ரோஷம், ஒரு ஜால்ராவைக் கிண்டல் செய்தால் வந்துவிடுகிறதாக்கும். தூ!

"சார், படத்துக்கு உயிரே அந்த சீன்தான். குளிக்கும்போது சும்மா தோணின ஜோக் சார் அது!"

"கதை விடாதே." தம்பியின் முகம் வெளிறியிருந்தது. "அந்தக் குடை விஷயம் எங்க நாலு பேருக்குத்தான் தெரியும்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"யார் உளறினது, டிரைவரா?"