மேனேஜரின் கிரேடு

அலுவலக பில்லியர்ட்ஸ் அணியில் மேனேஜர் தாமாகவே சேர்ந்துகொண்டார். அவர் குச்சியைத் தொட்டால், விழக் கூடாத வெள்ளைப் பந்துதான் முதலில் குழியில் விழும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்படிப்பட்டவர் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டார்.

“லீக்ல என் கிரேடை அஞ்சாக்கிட்டாங்களாமே?” என்று அணியின் கேப்டனான கேஷியரிடம் கேட்டார்.

“ஆமா சார். ஜெயிச்சா ஏத்துவாங்க, தோத்தா இறக்குவாங்க. இறங்கினவங்களுக்கு ஆட்டத்துல சலுகைப் பாயிண்ட் உண்டு.”

“நியாயம்தானே. ஃபைனல்ல நான் எத்தனாவதா ஆடறேன்?”

கேஷியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “ஒரு டீமோட மொத்த கிரேடு பதினஞ்சைத் தாண்டக் கூடாது சார். இப்ப உங்களால தாண்டுது.”

மேனேஜர் சற்று யோசித்தார். “திறமையும் ஒரு பாரம்தான்யா. சரி, நான் ஒதுங்கிக்கறேன். சின்னவங்க ஆடட்டும்.”

கேஷியர் மாடிப்படிக்கு வந்து தன் மச்சானுக்குப் போன் போட்டார். மேனேஜரிடம் மூன்று முறையும் தோற்ற எதிரணிக்காரர் அவர்தான்.

“ரொம்ப நன்றி மச்சான். அவர்கிட்ட தோக்கறதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க.”

“நன்றி எதுக்கு மாப்ள? தோத்துத் தோத்து என் கிரேடு ரெண்டுக்கு இறங்கிடுச்சு. ஃபைனல்ல உங்களோட மோதறதும் நான்தான்.”